நாற்பத்தாறு சதவிகித இட்லி

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு டாக்டர் பெனிட்டாவின் உத்தரவு. "என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு, அதுக்குப் பிறகு என்ன ஆச்சு. மூணே விஷயம். தினமும் எழுதுங்க வடிவாம்பாள்" என்றார். இருபத்தாறு வருஷமாகப் பாளையங்கோட்டைக் கிளை நூலகம் ஒன்றில் பிறர் எழுதியதை அடுக்கி வைப்பவள் நான். ஐம்பத்திரண்டு வயதில் எழுதும் முதல் படைப்பு என் இரைப்பையைப் பற்றியதாக அமைந்துவிட்டது.

நோயின் விவரம்: மற்றவர்களின் இரைப்பை சாப்பாட்டைக் கடைந்து, நாலு மணி நேரத்துக்குள் குடலுக்குத் தள்ளிவிடும். என்னுடையது தள்ளுவதில்லை. இருபது வருஷச் சர்க்கரை, இரைப்பைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பைக் கெடுத்துவிட்டது. மேலிடத்திலிருந்து உத்தரவு வராததால் அது வேலை செய்வதில்லை. அரசு ஊழியரான நான் அதை எந்த முகத்தோடு கண்டிப்பது?

இதைக் கண்டுபிடித்த முறை அழகானது. லேசான கதிரியக்க மருந்து கலந்த இட்லியைத் தின்னக் கொடுத்து, நாலு மணி நேரம் வயிற்றைப் படம் எடுத்தார்கள். கடைசிப் படத்தில் பத்து சதவிகிதத்துக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாதாம். எனக்கு நாற்பத்தாறு. "மேடம், பாதி இட்லி அப்படியே உக்காந்திருக்கு" என்றார் படம் எடுத்தவர், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

"குணமாகுமா டாக்டர்?"

"குணமாகாது. சமாளிக்கலாம். நேரா நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா, ஆறு தடவை. கஞ்சி, குழைஞ்ச வெள்ளைச் சோறு, மசிச்ச பூசணி. எண்ணெய், தேங்காய்ப்பால், நார், தோல், விதை, எதுவும் வேண்டாம். சாப்பிட்டதும் படுக்காதீங்க, நடங்க. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால இந்த மாத்திரை."

இரண்டு வருஷமாக வாந்தி எடுக்கிறேன். இதற்கு முன் பார்த்த மூன்று டாக்டர்களில் ஒருவர் கேஸ் என்றார், ஒருவர் டென்ஷன் என்றார், மூன்றாமவர் "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான்" என்றார். மூவருமே இட்லியிடம் விசாரிக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

போன மாதம் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. காலியாக இருக்க வேண்டிய இடத்தில் வாழைத்தண்டு இருந்தது. பார்த்தது வியாழக்கிழமை. தின்றது செவ்வாய்க்கிழமை. "இது இறுகி உருண்டையாயிட்டா ஆபரேஷன்தான்" என்று டாக்டர் திரையில் காட்டினார். கொலு பொம்மைக்கு அடியில் வைக்கும் வைக்கோல்போல இருந்தது.

அந்த வாழைத்தண்டின் பூர்வீகம் எங்கள் வீட்டு அடுக்களை. என் கணவர் பிரமநாயகம் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மறுவாரமே உணவைச் சீர்திருத்தக் கிளம்பினார். வெள்ளைச் சோறு ஒழிந்தது. தினை உப்புமா, கொள்ளுக் கஞ்சி, முருங்கைக்கீரை, வாரத்தில் மூன்று நாள் வாழைத்தண்டு. நான் வாந்தி எடுத்தேன். "உள்ள இருக்க விஷமெல்லாம் வெளிய வருது" என்று அளவைக் கூட்டினார். எட்டு மாதம். ஊருக்கே நல்லதான சாப்பாடு எனக்கு மட்டும் ஆகாது என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரிப்போர்ட்டைக் காட்டினேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "வரகு கொஞ்சம் லேசா இருக்கும்லா?" என்றார்.

ஜூன் 5, புதன்

6.30 வடிகட்டிய கஞ்சி, அரை டம்ளர். 9.00 ஓரம் வெட்டிய ரொட்டி ஒன்று. 11.30 மோர். 2.00 குழைந்த சோறு, ஒரு கரண்டி. வாந்தி இல்லை. கோபம் இருக்கிறது; அதற்கு இந்த நோட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மதினி வந்தார். சண்முகத்தாய், என் கணவரின் அக்கா. மகள் குழலி நாகர்கோவில் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். வார இறுதியில் வருவாள். அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து மதினி பேச்சை எடுத்தார்.

"ஏ வடிவு, தென்காசில ஒரு வரன். பையன் வேளாண்மைத் துறையில இருக்கான். ஒத்தப் புள்ள. பொருத்தம் எட்டு இருக்கு. ஆடி பொறக்கதுக்குள்ள பேசி முடிச்சிரணும்."

"நல்லது மதினி."

"நல்லதுதான். நீ வாயத் தொறக்காம இருந்தேன்னா இன்னும் நல்லது."

"எதுக்கு?"

"சுகர்னா பரவால்ல, அது இப்ப காபி மாதிரி எல்லா வீட்டுலயும் இருக்கு. இது என்னட்டி, இரைப்பை நகராதாம்லா! கேக்கவன் என்ன நெனப்பான்? நாளைக்குப் பொண்ணுக்கும் நகராதுன்னு நெனப்பான்."

என் கணவரைப் பார்த்தேன். "அக்கா சொல்லுததுலயும் ஒரு இது இருக்கு" என்றார். அந்த 'இது' என்னவென்று இருபத்தொன்பது வருஷமாக அவர் சொன்னதில்லை.

ஜூன் 12, புதன்

இன்று ஒரு பாடம். வழக்கம்போல சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொண்டேன். ஊசி தன் நேரத்துக்கு வேலை செய்தது, சோறு செய்யவில்லை. நாற்பது நிமிஷத்தில் வேர்த்து, கை நடுங்கி, நூலகத்து வரலாற்று அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவியாளர் பவுல்ராஜ் ஒரு லட்டை நீட்டினார். லட்டும் அதே இரைப்பைக்குத்தானே போக வேண்டும்! கடைசியில் தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ்தான் காப்பாற்றியது.

டாக்டரிடம் போனில் கேட்டேன். "இனிமே ஊசி சாப்பிட்ட பிறகுதான். எவ்வளவு உள்ள போச்சு, தங்குச்சான்னு பார்த்துட்டுப் போடுங்க. முன்னால போட்டா மயக்கத்துல போய் முடியும். விளையாட்டு இல்ல."

ஜூன் 16, ஞாயிறு

தென்காசிக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அருணகிரி, அப்பா கோலப்பன், அம்மா நீலாயதாட்சி, கூட நாலு பேர். காபி மட்டும் குடித்தார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். பத்திரம், கையெழுத்து, சாட்சி எதுவும் வேண்டாம். ஒரு பிடி சோறு போதும். ஒரு பிடி சோறே பாரமான ஒருத்தியை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தவர் நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவராக இருக்க வேண்டும்.

அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. முப்பதாம் தேதி நாங்கள் அங்கே போய்க் கை நனைக்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் இங்கே வந்து நனைப்பார்கள். அதோடு முடிந்தது.

ஜூன் 23, ஞாயிறு

குழலியும் அருணகிரியும் போனில் நாற்பது நிமிஷம் பேசினார்கள். தென்னையைத் தாக்கும் வெள்ளை ஈயைப் பற்றி. நடுவில் அவள் மூன்று தடவை விழுந்து விழுந்து சிரித்தாள். வெள்ளை ஈயில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதை நூலகத்தில் புத்தகம் எடுத்துச் சரிபார்த்துவிட்டேன். எனவே விஷயம் முற்றிவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

தென்காசி. சாரல். புறப்படும்போதே மதினி நிபந்தனை போட்டுவிட்டார்: "சாப்பிட்ட பொறவு அவுக வீட்டுல வச்சு ஊசிய எடுத்துக்கிட்டு நிக்காத. முன்னாலயே, கார்ல வச்சுப் போட்டுட்டு வந்துரு." கார் அவர்கள் தெருவில் திரும்பும்போது போட்டுக்கொண்டேன். டாக்டர் சொன்னது நினைவிருந்தது. போட்டுக்கொண்டேன்.

இலையில் சொதி. தேங்காய்ப்பாலில் மிதக்கும் முருங்கைக்காயும் உருளையும். இஞ்சித் துவையல், அப்பளம், இரண்டு பாயசம். டாக்டர் பெனிட்டா தடை செய்த பட்டியலை யாரோ பார்த்துச் சமைத்ததுபோல இருந்தது. இரண்டு வாய் சோறு. மூன்றாவது தொண்டையில் நின்றது. மிச்சத்தை இலையில் அங்குமிங்கும் இடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

நீலாயதாட்சி பரிமாறுவதை நிறுத்தினார். "என்ன, எங்க வீட்டுல கை நனைக்க மனசு வரலியோ?"

நான் வாயைத் திறக்குமுன் மதினி முந்தினார். "அதெல்லாம் இல்ல, அவளுக்கு இன்னைக்கு வெரதம். உங்களுக்காவத்தான் ரெண்டு வாய் எடுத்தா."

"அப்படியா? சொல்லக் கூடாதா! வெரதத்துக்குப் பழம் சாப்பிடலாம்லா."

ஒரு தட்டு பலாச்சுளை வந்தது. பதினாறு. முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்பு. அன்பைவிட மோசமான ஆயுதத்தை நான் பார்த்ததில்லை. நாலு சுளை தின்றேன்.

கால் மணி நேரத்தில் வேர்த்தது. கண் இருட்டியது. கை கழுவும் இடத்திலேயே, அவர்கள் கண் முன்னாலேயே, அத்தனையையும் வாந்தி எடுத்தேன். எங்களோடு வந்திருந்த குழலி ஓடி வந்து குளுக்கோஸ் தண்ணீரைப் புகட்டினாள். அவள் கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதிலிருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம் மதினி, விரதம் என்ற தன் சமயோசிதத்தைப் பாராட்டிக்கொண்டே வந்தார்.

ஜூலை 4, வியாழன்

தென்காசியிலிருந்து கோலப்பன் மதினிக்குப் போன் செய்தார். "பொண்ணோட அம்மாவுக்கு இதுல இஷ்டம் இல்ல போல. சோத்தத் தொடல. பழத்தத் தின்னுட்டு எங்க முன்னாலயே வாந்தி எடுக்காவ. எங்க வீட்டுச் சாப்பாடு அவ்வளவு அருவருப்பா?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கொடுத்த தகவலை வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வரவே வழியில்லை.

குழலிக்கு நான்கு நாளாக போன் வரவில்லை. கேட்டதற்கு, "அவங்க ஆபீஸ்ல ஆடிட்" என்றாள். நான் நம்பியதாக அவள் நம்பினாள்.

ஜூலை 7, ஞாயிறு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆலோசனைக் கூட்டம். என் இரைப்பையைப் பற்றி மதினி பேச, என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் சொந்தக்காரிக்கு மோர் கலக்கும் வேலை.

மதினி எப்படியோ கெஞ்சிப் பதினாலாம் தேதிக்கு அவர்களை வர ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். நீலாயதாட்சி என் பக்கத்திலேயே உட்காருவாராம். நான் வயிறாரச் சாப்பிட்டு இலையை மடித்தால்தான் அவர்கள் மனசு ஆறுமாம்.

"ஒரே ஒரு நாள், வடிவு. பெத்த மகளுக்காவ ஒரு நாள் முழுங்க மாட்டியா? பொறவு உள்ள போய் வாந்தி எடுத்துக்க. ஆரு கேக்கப் போறா?"

"மதினி, மயங்கி விழுந்தா?"

"சாப்பாடு அமிர்தம், அதான் கெறக்கம்னு சொல்லிருவேன்."

இவர் உலகத்தில் எந்தத் துறையில் இருந்திருந்தாலும் மந்திரியாகியிருப்பார். என் கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரி தீர்ந்து இரண்டு வாரமான கடிகாரம்.

ஜூலை 8, திங்கள்

6.30 கஞ்சி. 9.00 ரொட்டி. 11.30 ஒன்றும் இறங்கவில்லை. 2.00 கஞ்சி. 4.00 வாந்தி. காலையில் குடித்த கஞ்சியும் சேர்ந்து வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

பவுல்ராஜ் சொல்கிறார்: "மேடம், வெள்ளை அரிசிதான் எல்லாத்துக்கும் காரணம். விஷம் மேடம் அது." வாசகர் ஒருவருக்குப் புத்தகம் பதியும்போது பேனா முள் உடையும் அளவுக்கு அழுத்தியிருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

முப்பதாம் தேதிக் குறிப்பில் ஒன்றை எழுதாமல் விட்டேன்.

வாந்தி எடுத்த பிறகு நீலாயதாட்சி என்னைத் தனியாக உள் அறைக்குக் கூட்டிப் போனார். மின்விசிறியைப் போட்டார். ஈரத் துண்டால் என் கழுத்தைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உடம்புக்கு ஏதும் உண்டுமா? எங்கிட்டச் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அறையில் மதினி இல்லை. யாரும் என் வாயைப் பொத்தவில்லை.

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

பத்து நாளாக மதினியைத் திட்டி எழுதியிருக்கிறேன். திட்டியதில் எதையும் வாபஸ் வாங்கப் போவதில்லை. ஆனால் விரதம் என்றது மட்டும்தான் அவருடைய பொய். பெரிய பொய் என்னுடையது. குழலிக்காகச் சொன்னேன் என்று எழுதலாம். இந்த நோட்டை டாக்டரைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. உண்மை என்னவென்றால், ஒரு நிமிஷம் அந்த அம்மாள் முன்னால் நல்லா இருக்கிறவளாக இருக்க ஆசையாக இருந்தது. சோறு தின்கிறவளாக. கூட்டம் போட்டுப் பேசப்படாத வயிறு உள்ளவளாக.

ஜூலை 13, சனி

குழலி பூசணியை மசித்து, சல்லடையில் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்கு அவரப் புடிச்சிருக்கும்மா. அதுக்காவ நீ சோத்த முழுங்க வேண்டாம்."

"சரி" என்றேன். இரண்டில் எதற்குச் சரி என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். ஏழு பேர். சமையலுக்கு ஆள் வைத்துச் சொதி, அவியல், பருப்பு, பாயசம். கூடத்தில் பந்திப் பாய் விரித்து இலை போட்டோம். கோலப்பன் நடுவில், பக்கத்தில் அருணகிரி. எனக்குப் போட்ட இலைக்குப் பக்கத்தில் நீலாயதாட்சி. மதினி தானே பரிமாறினார். என் இலையில் மட்டும் சோறு கோபுரமாக எழுந்தது.

"கை நனைச்சிரலாமா?" என்றார் கோலப்பன்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போய் என் கஞ்சியையும் பூசணியையும் எடுத்து வந்து, சோற்றுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"ஏட்டி!" என்றார் மதினி, பல்லுக்குள்.

"இதான் என் சாப்பாடு" என்றேன் நீலாயதாட்சியிடம். எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்கு இருபது வருஷமா சுகர். அதுல இரைப்பை நரம்பு கெட்டுப்போச்சு. சாப்பாடு இறங்காது. உங்க வீட்டுல அன்னைக்கு எனக்கு வெரதமும் இல்ல, அருவருப்பும் இல்ல. நீங்க தனியாக் கூப்பிட்டுக் கேட்டீங்க. ஒண்ணும் இல்லன்னு நான்தான் பொய் சொன்னேன்."

நீலாயதாட்சியின் கை சொதிக்கு மேலே நின்றது. ஐந்து விரலும் குவிந்து, சோற்றைத் தொடாமல்.

"அன்னைக்கே சொல்லிருந்தா நான் கஞ்சி வச்சுத் தந்திருப்பேன்லா" என்றார். "பலாப்பழத்தையா கொண்டாந்து வச்சிருப்பேன்? பாவம், தின்னீங்களே."

"கஞ்சி கெடக்கட்டும்" என்றார் கோலப்பன். "பொண்ணுக்கு வருமான்னு கேளு."

"சுகர் வந்தாலும் வரும், வராமலும் போவும்" என்றேன். "உங்களுக்கு இருக்கா?"

"எனக்கு லேசா உண்டு."

"எனக்கும் லேசாத்தான் ஆரம்பிச்சது. அப்ப உங்க பையனுக்கு வருமான்னு நாங்களும் கேக்கணும்லா."

கூடத்தில் அவியல் ஆறும் சத்தம் கேட்டது என்று எழுதினால் மிகை. கேட்டது.

கோலப்பன் எழுந்தார். "யோசிச்சுச் சொல்லுதோம்." அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். நீலாயதாட்சி குவிந்த விரல்களை மெதுவாக விரித்து, காய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தார். கணவரின் முதுகைப் பார்த்தார். அவர் பின்னாலேயே நடந்தார். அருணகிரி கடைசியாகத்தான் எழுந்தான் என்று என் கணவர் சொல்கிறார். கடைசியாக எழுந்தாலும் எழுந்ததுதான்.

கார் தெருமுனை தாண்டுவதற்குள் மதினி ஆரம்பித்துவிட்டார். "ஒரே ஒரு நாள்! ஒரு நாள் முழுங்கிருந்தா ஒன் மக வாழ்க்க..."

"முழுங்குனா உள்ளயே கெடக்கும்க்கா" என்றார் என் கணவர். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரியும். எட்டு மாசம் முழுங்க வச்சவன் நாந்தான்."

மதினி பரிமாறும் கரண்டியை வாளிக்குள் போட்டார். நான் கஞ்சியைக் குடித்தேன். ஆறியிருந்தது. அரை டம்ளர். தங்கியது. எல்லார் முன்னாலும் சேலையை லேசாக விலக்கி, வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

எட்டு இலை விரித்தபடி கிடந்தது. யாரும் தொடாத சோறு, யாரும் உடைக்காத அப்பளம். குழலி அறையிலிருந்து வந்தாள். பட்டுப் புடவையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அருணகிரியின் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சோற்றில் குழி பறித்துச் சொதியை ஊற்றினாள்.

"ஏ பிள்ள, என்ன காரியம் பண்ணுத?" என்றார் மதினி.

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல அத்த. பசிக்கு."

அவள் அழுகிறாளா என்று பார்த்தேன். தெரியவில்லை. வாய் நிறையச் சோறு இருந்தால் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. அப்பளத்தை நொறுக்கி, இஞ்சித் துவையலைத் தொட்டு, நன்றாக மென்று சாப்பிட்டாள். உள்ளே போனதெல்லாம் தடையில்லாமல் இறங்கும் வயிறு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவள் போன் ஜன்னல் விளிம்பில் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். அருணகிரி.

"அவன்தான்" என்றேன். "எடுத்துப் பேசட்டுமா?"

"வேண்டாம். அங்கயே வச்சிரு."

"என்ன சொல்லணும்னு கூப்பிடுதானோ, குழலி."

"எழுந்து போறதுக்கு முன்னால சொல்லிருக்கலாம்லா?" அவியலை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அடிக்கட்டும்மா. சாப்பிட்டு முடிச்சிட்டு, பேசணுமான்னு யோசிக்கேன்."

போன் நின்றது. மறுபடி அடித்தது. அவள் பக்கத்து இலையிலிருந்து இன்னொரு கரண்டி சோறு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.